கூரைமேல் அழகையா

முன்பின் கதை எழுதிப் பழகாத கை இது. துணிந்தமைக்கு வாசிப்போர் பொறுத்தருள வேண்டும். பிழை இருப்பின் அது எழுதிய கையினுடையதே அன்றி, தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துக் கரம் பலகை ஆட்டக் கழகத்தினுடையது அன்று.

அக்கழகத்தின் செயலாளரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமான கிருஷ்ணராஜ், பத்தொன்பது ஆண்டுகளாக அழகையாவுக்கு எதிரே அமர்ந்து கரம் ஆடியவர். அழகையாவின் கருமாதி முடிந்த மறுநாள், இரங்கல் கூட்டத்திற்கு அனுமதி கேட்டு அவருடைய மனைவி லெட்சுமியிடம் சென்றார்.

"ஒண்ணும் வேணாங்கண்ணே. கூட்டம், போட்டோ, மாலை எதுவும் வேணாம். 'மைக்கப் புடிச்சிக்கிட்டு என்னைய உத்தமன்னு சொல்லுவானுங்க, விட்றாத'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்துவிட்டுக் கழகத்திற்குத் திரும்பினால், அங்கே கடைக்காரர் பவாஸ் பதுளையில் அச்சடித்த பன்னிரண்டடிப் பதாகையுடன் நின்றார். நடுவில் பாய் அகலத்திற்கு அழகையாவின் சிரித்த முகம். கீழே, 'நேர்மையின் சிகரமே!'

"யாரக் கேட்டு அடிச்சீங்க?"

"கேட்டா வேணாம்பீங்க சேர். அதான் கேக்கல."

"நேர்மையா? முழங்கையால காய நகத்துற மனுசன் அவரு!"

"அதுக்காக, முழங்கைன்னா எழுத முடியும்?"

பதாகையைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. வைத்திருக்கச் சத்தியம் விடவில்லை. நல்லவேளையாக மழை பிடித்துக்கொண்டது. முந்திய வாரக் காற்றில் கூரைத் தகரம் ஒன்று பறந்துபோயிருந்ததால், தண்ணீர் நேரே கரம் பலகையில் கொட்டியது. பதாகை கூரைக்குப் போயிற்று. முகம் மேலே தெரிந்தால் மேட்டுப் பாதையில் ரயிலில் போகிறவர்கள்கூட அஞ்சலி செலுத்திவிடுவார்கள் என்று அஞ்சி, அதைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, மேலே கற்களை அடுக்கினார்கள்.

மூன்றாம் நாள் வெயில் வந்தபோதுதான் செய்த காரியம் விளங்கியது. தகரம் போன இடைவெளியில், வெளிச்சம் ஊடுருவ, அழகையா கரம் பலகையைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணராஜால் ஒரு காயையும் போட முடியவில்லை. மேலே பார்ப்பதும் மூக்கை உறிஞ்சுவதுமாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் லெட்சுமி.

"அவரு சட்டப் பையில கழகத்து ஸ்ட்ரைக்கர் கெடந்திச்சு. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பவாஸ் பாய்ந்து சென்று அவர் தலைக்குமேல் குடையை விரித்தார்.

"உள்ளுக்கு எதுக்குக் கொட?"

"ஒழுகுதுக்கா."

"என்னா, வெயிலா ஒழுகுது?"

குடையை விலக்கி மேலே பார்த்தவர், வெகுநேரம் பார்த்தபடியே நின்றார். கிருஷ்ணராஜ் எழுந்து நின்றார்.

"சத்தியத்த மீறிட்டேன் தங்கச்சி. இப்பவே கழட்டிர்றேன்."

"மைக் இருக்கா?"

"இல்ல."

"மால?"

"இல்ல."

"உத்தமன்னு எழுதிருக்கா?"

"எழுதிருக்கு. தகரம் மறைச்சிருச்சு."

"அந்தத் தகரத்துக்குப் புண்ணியமாப் போகட்டும்."

லெட்சுமி அழகையாவின் நாற்காலியில் அமர்ந்து ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். காய் குழிக்கு ஒரு விரல்கடை முன்னே நின்றுவிட்டது. சேலையைச் சரிசெய்கிற சாக்கில் முழங்கை மெல்ல நகர்ந்தது, காய் விழுந்தது.

"முழங்கை! முழங்கை!" என்று பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் கத்திய கிருஷ்ணராஜ், அடுத்த மூச்சில், யார் இருக்கிறார்கள் என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதார்.

"கழட்ட வேணாங்கண்ணே," என்றார் லெட்சுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மழக் காலம் முடியட்டும். இப்ப ஆடுங்க, உங்க கைதான்."

இழந்தவை: கூரைத் தகரம் ஒன்று. சத்தியம் ஒன்று. கிருஷ்ணராஜ் தோற்ற ஆட்டம் ஒன்று. அழகையா.