ஆயுசுக்கும் மாத்திரை

தட்டில் பழம் இருந்தது, வெற்றிலை இருந்தது, மாத்திரை டப்பா இல்லை. சவரியம்மாள் தட்டை வாங்கவில்லை. சம்பந்தி குழந்தைராஜ் நீட்டிய கையோடு நின்றார்.

அவர் மகள் அனிட்டா நான்கு மாதக் கர்ப்பம். தைராய்டு மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையிருப்பு அன்று காலையோடு தீர்ந்திருந்தது.

மாத்திரை அப்பன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று எழுதிய சீர் லிஸ்டில் அது கடைசி வரி. பவுன் இருபது, பைக் ஒன்று, மாத்திரை ஆயுசுக்கும். வியாதியை மறைக்காமல் சொன்னதற்குக் கிடைத்த பரிசு.

"அரசாங்கம் விலையைக் கொறைச்சிடுச்சாம் சம்பந்தி. கட்டுபடியாகலன்னு கம்பெனிக்காரன் எல்லாத்தையும் வெளிநாட்டுக்கு ஏத்திட்டானாம். மாயவரத்துல இல்ல, குடவாசல்ல இல்ல."

"எம்மவன் பைக் கேட்டப்ப, கப்பல்ல போயிடுச்சுன்னா சொன்னீங்க?"

"பைக் கடையில இருந்துச்சு சம்பந்தி."

"அப்ப கெடைக்கிற வரைக்கும் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் வச்சுக்குங்க. நாளைக்கே."

அவர் பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

அனிட்டா பெட்டியை எடுத்தாள். அடுக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அத்தை ஐந்தரைக்கு எழுந்து மாதா படத்தின் முன் நிற்பாள். ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். காபி சரியாக அரை மணி கழித்துத்தான். "ஜெபமாலை முடியாம எனக்கு எதுவும் எறங்காது" என்பாள். வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி கழித்துக் காபி. அனிட்டாவின் டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார். அவர் அதைப் பக்தி என்று சொல்லவில்லை.

கணவன் ஆல்பின் சிங்கப்பூரிலிருந்து அம்மாவுக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு பொட்டலம் அனுப்புவான். அது நேராக மாதா படத்துக்குப் பின்னால் போய்விடும். மனைவிக்கு அனுப்ப அவனுக்குத் தோன்றியதில்லை. லிஸ்ட் அப்படி.

மறுநாள் ஐந்தரைக்குச் சவரியம்மாள் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். அனிட்டா இரண்டு டம்ளர் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"உங்க மாத்திரை அம்பதா நூறா, அத்தை?"

ஜெபமாலை கீழே விழுந்தது. சவரியம்மாள் குனிந்து அதை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"நூறு."

"எனக்கும் நூறுதான்." அனிட்டா உள்ளங்கையை நீட்டினாள்.

கைக்கு வந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று போட்டிருந்தது. கப்பலில் போனது விமானத்தில் திரும்பி வந்திருக்கிறது.

"மாமாவுக்குத் தெரியாதுடி. கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு இருந்துச்சு. எங்க வீட்ல சொல்லல."

"நானும் சொல்ல மாட்டேன் அத்தை. லிஸ்ட் பைபிளுக்குள்ளதானே இருக்கு? கடைசி வரிய அடிச்சிடுங்க."

"இப்பவேவா?"

"காபிக்கு இன்னும் அரை மணி இருக்கே. பேனா எடுத்துட்டு வரேன்."