ஆர்விட்டின் காதுகள்

ஆர்விட் லின்ட்ஸ்ட்ராம் சவப்பெட்டிக்குள் காது மெஷின் மாட்டிக்கொண்டு படுத்திருந்ததற்கு அவர் மனைவி லொரேன்தான் பொறுப்பு. மூக்குக்கண்ணாடி போட்டு அனுப்புகிறார்கள், இதை மட்டும் ஏன் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டாள். இறுதிச் சடங்குக் கூடம் நடத்தும் மிஸ்டர் க்விஸ்ட் அப்படியே மாட்டிவிட ஒப்புக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது, பழக்க தோஷத்தில், இரண்டு மெஷினிலும் புது பேட்டரி போட்டுக் கொடுத்தாள்.

"பாதிரியார் பேசும்போது பேட்டரி போச்சுன்னா உங்கப்பா தூங்கிடுவாரு."

"இன்னிக்குத் தூங்கினா யாரும் குறை சொல்ல மாட்டாங்கம்மா," என்றான் மகன் டேல்.

மகள் கேரின் சிரிக்கவில்லை. டுலூத் நகரத்திலிருந்து பனியில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள். அப்பாவின் போன் அவள் கையில் இருந்தது. துக்கம் விசாரித்தவர்களுக்குப் பதில் போடச் சொல்லி அம்மா கொடுத்தது. கேரினுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் விட்ட வாய்ஸ்மெயிலை அப்பா கேட்டாரா, இல்லையா.

அன்று அவளுடைய எட்டு வயது மகள் இங்காவின் பாட்டுக் கச்சேரி. போனில் "சரி சரி, வர்றேன்" என்று, என்ன ஏது என்று காதில் விழாமலேயே சொல்லிவிட்ட ஆர்விட், உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். குழந்தை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பாடி முடித்தது. கேரின் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அப்பாவின் வாய்ஸ்மெயிலில் நாற்பத்தேழு நொடி பேசினாள். செவ்வாய்க்கிழமை, ஏரி மேல் போட்டிருந்த குடிலில், தூண்டிலைப் பிடித்தபடியே ஆர்விட் இறந்துகிடந்தார். தூண்டிலில் மீன் இருந்தது. நல்ல எடை என்று எல்லோரும் சொன்னார்கள்.

கூடத்தில் காபி பாத்திரத்துக்கும் சவப்பெட்டிக்கும் நடுவே பத்தடி இருக்கும். ஒரு கையில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சோடு நின்று, கேரின் மறு கையால் வாய்ஸ்மெயில் பட்டியலைத் திறந்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் நீலப் புள்ளி. கேட்கப்படாதது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. இனி அழித்துவிட வேண்டியதுதான். பெயரைத் தொட்டாள். அது அழியவில்லை, ஓட ஆரம்பித்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிகள் ஓடின. சத்தம் மட்டும் வரவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று ஒலியைக் கூட்டினாள். கடைசிவரை கூட்டினாள். அப்போதுதான் திரையின் அடியில் சின்ன எழுத்தைப் பார்த்தாள். *ஆர்விட்டின் காதுகள்: இணைந்துள்ளது.* மெஷினை வாங்கிய அன்று அவரே வைத்த பெயர். ப்ளூடூத் யாரையும் விசாரிப்பதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

நிறுத்தப் பார்த்தாள். விரலில் வெண்ணெய். திரை வழுக்கியது. அவள் பேசியது அவளுக்கே மனப்பாடம்: *உங்களுக்குக் காது கேக்காதது வசதியா இருக்குப்பா. யார் பேசினாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. இனி நான் போன் பண்ண மாட்டேன்.*

சவப்பெட்டி மேல் குனிந்திருந்த பக்கத்து வீட்டு வெர்னா நிமிர்ந்தாள்.

"லொரேன், உள்ள யாரோ பேசுறாங்க."

"அவரா? வீட்டுலயே பேச மாட்டாரு."

"அவர் இல்ல. பொம்பளக் குரல். சண்டை போடுது."

"அப்ப நானாத்தான் இருக்கும்," என்றாள் லொரேன்.

நாற்பத்தேழு. நீலப் புள்ளி மறைந்தது. செய்தி கேட்கப்பட்டுவிட்டது.

கேரின் டேலைக் கோட்டு மாட்டும் மூலைக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள். அவன் தன் காபியை ஒரு மடக்கு குடித்தான்.

"பயங்கரம்," என்றான். "உயிரோட இருந்தவரை தப்பிச்சுட்டாரு பாரு."

"டேல்."

"சரி, நேரடியா பேசிடு. போன்ல மைக் இருக்கு, பேசினா அவர் காதுல விழும். சர்ச்சுல போனைப் பாதிரியார் மேஜைல வெச்சுட்டு, இவர் கடைசி பெஞ்சுல உக்காந்து கேப்பாரே, அதேதான். இந்தா." ஏதோ அழுத்திக் கொடுத்தான். "நான் காவல் நிக்கறேன். என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லிடாத."

அவள் ஈரக் கோட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனை வாயருகே பிடித்தாள். அலுவலகத்துக்குப் பேசுகிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

"அப்பா. கேரின். முன்னாடி கேட்டது பழசு. ஞாயித்துக்கிழமையோடது."

திரையில் ஒலி அளவைக் காட்டும் கோடு இன்னும் உச்சத்தில் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு படி இறங்கியது.

அவள் விரல் திரையில் இல்லை. டேலின் இரண்டு கையும் பாக்கெட்டில். அதைக் குறைக்க இன்னொரு வழிதான் உண்டு. காதுக்குப் பின்னால் மெஷினில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறது. கேரின் கோட்டுகளை விலக்கிப் பார்த்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆர்விட்டின் கைகள் நெஞ்சின் மேல், க்விஸ்ட் கோத்துவைத்தபடியே இருந்தன.

இன்னொரு படி. இன்னொன்று. பேச்சு பிடிக்காதபோது அவர் இப்படித்தான் முழுதாக இறக்கிவிடுவார். கோடு பாதியில் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. நிதானமாக உட்கார்ந்து கேட்கும் ஒருவருக்கு வேண்டிய அளவு.

"நீ பாத்தியா?" என்றாள்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றான் டேல். அவன் முகம் வெளுத்திருந்தது. "பேசு, பேசு. வெயிட் பண்றாரு."

அவள் இங்காவைப் பற்றி ஆரம்பித்தாள். என்ன பாட்டு, எந்த வரியில் பிசகினாள், எந்த நாற்காலி. மிஸ்டர் க்விஸ்ட் சவப்பெட்டி மூடியில் கைவைத்தபடி அவளைப் பார்த்தார்.

"மூடலாமாம்மா?"

"பேசிட்டிருக்கேன்," என்றாள் கேரின்.

அவர் தலையாட்டிவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார். பெட்டியை ஏற்ற வந்த வேன் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் லொரேனே கைகாட்ட, மூடி இறங்கியது. திருகுகள் ஒவ்வொன்றாக இறுகின. கேரின் திரையைப் பார்த்தாள். இணைப்பு போகவில்லை. ஒலிக்கோடு ஒரு படி ஏறியது. மரத்துக்கு அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலும்.

அவள் குரலை உயர்த்தினாள். மன்னிப்பு என்ற வார்த்தைக்கு அவள் இன்னும் வந்து சேரவில்லை.