பதினேழாவது பெயர்

தட்டைத் தள்ளிய வேகத்தில் சாம்பார் மேசை விரிப்பில் கொட்டியது. வெள்ளையம்மா துணியோடு ஓடி வந்தாள். சபாபதி மனைவியை ஏறிட்டும் பார்க்கவில்லை. எதிரே நிமிர்ந்து நின்ற மருமகளைத்தான் முறைத்தார்.

"நாளைக்கு அத்தன பேரு முன்னாடி என் பேரச் சொல்லிக் கூப்புடுவியா நீ?"

"கூப்புடணும் மாமா. இருபத்துநாலு பேரும் 'இருக்கேன்'னு வாயால சொன்ன பொறவுதான் மெஷின ஓட்டணும். பயிற்சில மொத நாளே சொல்லிக் குடுத்தாங்க."

"மாமான்னு கூப்புடு. பதில் சொல்றேன்."

"அங்க நான் மாமான்னு கூப்புடுற ஆளுங்க நாலு பேரு இருக்காங்க. எந்த மாமான்னு பேப்பர்ல குறிக்கிறது?"

பெக்கான் நானாஸ் அன்னாசித் தொழிற்சாலையில் புஷ்பவள்ளி பதினொரு வருஷம் பழம் சீவியவள். மூன்று மாதத்துக்கு முன் அவளை மேற்பார்வையாளராக்கிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேலையைச் சுருக்கமாகச் சொல். பாராட்டுவதை எல்லார் முன்னாலும் பாராட்டு. கண்டிப்பதைத் தனியாகக் கண்டி. இவை அவளுக்குச் சுலபமாகவே வந்தன. அந்த வீட்டில் மருமகளாக இருந்தவளுக்குக் கோபத்தை விழுங்கத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. காலையில் பெயர் வாசிப்பதில்தான் இடறினாள். பட்டியலில் பதினேழாவது பெயர், அங்கேயே பெட்டி அடுக்கும் மாமனாருடையது. அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, கண்ணால் தேடி, புள்ளி வைத்துவிடுவாள்.

போன வியாழக்கிழமை தீயணைப்புப் பயிற்சிக்குச் சங்கு ஊதினார்கள். எல்லாரும் லாரி நிற்கும் திடலுக்கு ஓடி வந்தார்கள். புஷ்பவள்ளி இருபத்துமூன்று பெயரை வாசித்தாள். பின்வரிசையில் தெரிந்த வெள்ளைத் தொப்பியை மாமனார் என்று நினைத்து, "எல்லாரும் இருக்காங்க" என்றாள். சபாபதியோ குளிரறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தடித்த கதவு; சங்கு கேட்கவில்லை. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்து, "எங்க போனாங்க எல்லாரும்?" என்று கேட்டார்.

பயிற்சி அதிகாரி புவான் ஹஸ்னா புஷ்பவள்ளியைத் தனியே அழைத்தார். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால், உள்ளே ஆளில்லை என்று நீ சொல்லியிருப்பாய் என்றார். திங்கட்கிழமை வந்து, அவள் பெயர் வாசிப்பதைத் தாமே கேட்பதாகவும், ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்தப் பதவி வேறு ஆளுக்கு என்றும் சொன்னார்.

இதெல்லாம் சபாபதிக்கும் தெரியும். தாம் உள்ளே மாட்டிக்கொண்டது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மருமகள் வாயில் தம் பெயர் வருவதுதான் நெஞ்சில் நெருப்பை அள்ளிப் போட்டது.

"எரிஞ்சு செத்தாலும் மானத்தோட சாவேன். உங்க அத்தையக் கேளு. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவ என் பேரச் சொல்லியிருப்பாளா?"

வெள்ளையம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னதில்ல. நீங்க ரத்த ரத்தமா வாந்தி எடுத்து ஆசுபத்திரில கெடந்தப்பவும் சொல்லல. உங்க ஐசி, அடையாளக் கார்டு, வீட்டுல கெடந்துச்சு. கவுண்டர்ல பேரு கேட்டாங்க. தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு வர்ற வரைக்கும் முக்கா மணி நேரம் ஊமை மாதிரி நின்னேன்."

"அவ குடும்பப் பொம்பள," என்றார் சபாபதி பெருமையாக.

வெள்ளையம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு துணியைப் பிழியப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். புவான் ஹஸ்னா கோப்போடு ஓரமாக நின்றார். புஷ்பவள்ளியின் குரல் ஒரே சீராக வந்தது.

"அக்பர்."

"இருக்கேன்."

"செல்லம் அக்கா."

"இருக்கேன்மா."

பதினாறு முடிந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"சபாபதி ஐயா."

சபாபதி கூரைத் தகரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

"வீட்டு மாமாவுக்கு இங்க வந்தா காது அடச்சிருச்சு போல லா," என்று அக்பர் முணுமுணுத்தான். இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

புஷ்பவள்ளி தாளில் குனிந்தாள். "பதினேழு, வரல," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். மற்ற ஏழு பெயரையும் வாசித்து முடித்தாள். பிறகு அவரருகே வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பதில் சொல்லாதவங்க மெஷின் பக்கத்துல நிக்கக் கூடாது மாமா. கேட்டுல பதிஞ்சிட்டு வீட்டுக்குப் போங்க."

மகன் கட்டிக்கொண்டு வந்தவள் தம்மை வாசலுக்கு அனுப்புகிறாள். சபாபதிக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்கு வீட்டில் ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டே கேட்டுக்கு நடந்தார்.

காவல் கூண்டில் ஜாகா வேலை பார்க்கும் நேப்பாளத்துப் பையன் புத்தகத்தை விரித்தான். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது.

"நாமா?" என்று பெயர் கேட்டான்.

"சபாபதி."

அவனுக்கு அந்தப் பெயர் முழுசாக வாயில் நுழையவில்லை. முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு கையை ஆட்டினான். சபாபதி பத்தடி போயிருப்பார். கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது ஜாகாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ஓய், சபா! சினி!" என்று இங்கே வரச் சொல்லிக் கத்தினான்.

"யா போஸ், இருக்கேன்... இந்தா வர்றேன்."

அரை ஓட்டமாகத் திரும்பி வந்தார். இளவயதில் லாபிஸ் தோட்டத்தில் வேலை செய்தபோது, விடியுமுன்னே வரிசையில் நிற்கும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிக்கும்போது இப்படித்தான் ஓடுவார். கிராணியும் பாதிப் பெயரைத்தான் சொல்வான். அதற்கு முன்னால் ஒரு 'டேய்' இருக்கும். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இருக்கேனுங்க" என்பார். கால்கள் அந்த ஓட்டத்தை இன்னும் மறக்கவில்லை.

அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கையெழுத்து வாங்க வேண்டிய தாளோடு புஷ்பவள்ளி நின்றிருந்தாள்.

"இங்க கொரல் வந்துருச்சே மாமா."

சபாபதி பேனாவை வாங்கினார். தாளில் அவருடைய முழுப்பெயர் அச்சாகியிருந்தது. அதை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கும் ஏழு மணிக்குக் கூப்புடுவேன்," என்றாள் அவள். "ஐயா சேத்துத்தான் கூப்புடுவேன்."

தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில், இருபத்துமூன்று பேரோடு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.