முபாரக் கடையின் அடிப்பிடித்த சோறு

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையில் முபாரக் பாய் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். கடையில் கழிப்பறை கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் இறங்கியதும் அதைத்தான் கேட்பார்கள்; இல்லையென்றதும் எதிர் ஓட்டலுக்குப் போய் அங்கேயே சாப்பிட்டும்விடுவார்கள். கோடை விழாவுக்குள் கட்டியே தீருவதென்று பாய் கொல்லையில் குழி வெட்டச் சொன்னார். வெட்ட வந்த மாதேஸ்வரனுக்கு ஒரு பானை ஓடு கிடைத்தது. அதன் அடியில் கருகிய தானியம் கட்டியாக ஒட்டியிருந்தது. அவர் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்.

மறுநாளே எங்கள் தொல்லியல் பேராசிரியை இளவரசி, மாணவர்கள் எங்களோடு வந்து குழியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்.

"நல்ல சோறுன்னா மக்கிப் போயிரும். கருகினது கரியாயிருது, கரியைக் கிருமி திங்காது. அந்தக் காலத்துல யாரோ அடுப்பைக் கவனிக்காம விட்டதாலதான் அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு நமக்குத் தெரியுது."

நன்றாகச் சமைத்தவர்களுக்கு வரலாற்றில் இடமில்லை என்று புரிந்துகொண்டேன்.

"அப்ப என்ற குழி என்னாகுமுங்க மேடம்?" என்றார் பாய்.

"பழசுன்னா தொடக் கூடாது. புதுசுன்னா உங்க இஷ்டம்."

கடை திறந்த நாளிலிருந்து தன் தம் பிரியாணி ஒருமுறைகூட அடிப்பிடித்ததில்லை என்பதுதான் பாயின் ஒரே கர்வம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது நம்ம பிரியாணிதானுங்க. போன ரம்ஜானுக்கு அடிப்பிடிச்சிருச்சுங்க."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ரிஸ்வானா ஓடிவந்தார். "ஏனுங்க, உங்க வாயாலயா இதைச் சொல்றீங்க?"

"கக்கூஸ் வேணுமா, வேண்டாமா?"

ஆய்வு என்றால் எதையும் ஒதுக்கக் கூடாது. மேடம் பொட்டலத்தின்மேல் 'முபாரக் கடை பிரியாணி' என்றே எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

கோடை விழாவன்று முடிவு வந்தது. மாதிரி: முபாரக் கடை பிரியாணி. வயது: சுமார் இரண்டாயிரம் ஆண்டு. அரிசி அல்ல, சாமை.

மத்தியானத்துக்குள் அந்தச் சேதி வாழவந்தி ஊர் வரை போய்விட்டது.

"பழசைச் சூடு பண்ணித் தர்றீங்கன்னு தெரியுமுங்க பாய்," என்றார் டீக்கடை சுப்பிரமணி. "இவ்ளோ பழசுன்னு தெரியாதுங்க."

"சீரகச் சம்பான்னு சொல்லிச் சாமையவா போட்டீங்க?" என்றார் இன்னொருவர்.

பாய் மேடத்திடம் ஓடினார். "பொய் சொல்லிட்டனுங்க மேடம். அது என்னுது இல்லீங்க. என்ற சோறு அடிப்பிடிக்காதுங்க!"

"அப்ப பழசுதானே?"

பாய் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "பழசுதானுங்க."

கயிறு போய்க் கம்பி வேலி வந்தது. கூடவே ஒரு பெயர்ப்பலகையும் வந்தது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து குழியைப் பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். பிறகு எல்லோரும் பாய் பக்கம் திரும்பினார்கள்.

"ஏனுங்க பாய், பாத்ரூம் எங்கிருக்குதுங்க?"

பாய் வேலிக்குள் கையைக் காட்டினார்.

"இவ்ளோ நேரம் அதைத்தானுங்க பாத்துட்டு நின்னீங்க."