கப்பலில் இருக்கும் அக்கா

பாலேஸ்வரி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் உல்லாசக் கப்பலில் போனவள். ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் அவளைத் தெரிந்த ஒவ்வொருவரும் அந்தப் பயணத்தைப் பத்துத் தடவையாவது போய்வந்துவிட்டார்கள். அவ்வளவு சொல்லியிருக்கிறாள். 2005இல், சண்டை ஓய்ந்திருந்த நாட்களில், சிங்கப்பூரில் இருக்கும் மகள் அருந்ததி தாய் தகப்பனை அங்கே கூப்பிட்டு, ஐந்து நாள் கப்பல் ஒன்றில் ஏற்றிவிட்டாள். பன்னிரண்டு மாடிக் கப்பல், மேல்மாடியில் நீச்சல் குளம், தர்ப்பூசணியில் செதுக்கிய மயில், கட்டிலில் யானை மாதிரி மடித்து வைத்த துவாய், கப்டனோடு கைகுலுக்கிய படம். இவ்வளவையும் அல்பத்தோடு கேட்டு முடிக்காமல் அவள் வீட்டில் ஒருவருக்கும் தேத்தண்ணி கிடைக்காது. முதல்நாள் சாப்பாட்டு மேசையில், ஒவ்வொரு கறிக்கும் தனித்தனியாகக் காசு கேட்பார்கள் என்று பயந்து, கணவர் வரதராசா வெறும் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு வந்த கதையையும் விடமாட்டாள். அவரும் பாவம், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர் மாதிரிச் சிரித்து வைப்பார்.

இப்போது 2007. சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துப் பாதையை மூடி ஒன்பது மாதமாகிவிட்டது. கொழும்பில் சந்திக்குச் சந்தி மறித்து அடையாள அட்டை பார்த்தார்கள். இந்தக் களேபரத்துக்குள்தான் அருந்ததி இரண்டாவது கப்பலுக்குப் பதிந்திருந்தாள். ஜூன் 24 விமானம். ஊர் இருக்கிற இருப்பில் இவர்களுக்குக் கப்பல் கேட்கிறதோ என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் பாலேஸ்வரிக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் அகலமான விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கிவிட்டாள். கண்ணாடி முன் நின்று அதைப் போட்டும் பார்த்தாள்.

மே மாதக் கடைசியில் நேசம் தொலைபேசியில் அழைத்தாள். நேசம் பாலேஸ்வரியின் சித்தி மகள், நாற்பது வயது. புருஷன் கனடாவுக்குப் போய் எட்டு வருஷம். இப்போதுதான் அவளைக் கூப்பிடும் அலுவல் சரிவந்து, ஜூன் 20ஆம் திகதி கொழும்பில் விசா இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. நாலு மாதம் அலைந்து பிரயாண அனுமதி எடுத்து, காங்கேசன்துறையில் கப்பலேறி, ஒரு பகலும் ஓர் இரவும் மேல்தட்டில் நெருக்கியடித்து இருந்து, அலை ஆட்டத்தில் வயிறு புரட்டிச் சத்தி எடுத்து எடுத்துத் திருகோணமலையில் வந்து இறங்கியிருக்கிறாள். அதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, இன்டர்வியூ முடியுமட்டும் உங்களோடை நிக்கலாமோ? ஒரு மூலையிலை பாயைப் போட்டுக்கொண்டு கிடப்பன்.”

பாலேஸ்வரியின் கண்ணுக்கு முன்னால் வந்தது நேசத்தின் முகமல்ல, பொலிஸ் படிவம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக ஒரு பெயர் ஏறினால் வந்து கேள்வி கேட்பார்கள். கேள்வி வந்தால் பயணத்துக்கு ஏதும் இடைஞ்சல் வரலாம். ஆற அமர யோசித்திருந்தால் அப்படி ஓர் இடைஞ்சலும் வராது என்று அவளுக்கே விளங்கியிருக்கும். யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

“ஐயோ நேசம், நாங்கள் வாற சனிக்கிழமை கப்பலுக்குப் போறமெல்லோ. ஜூலையிலைதான் வருவம். வீடு பூட்டுத்தான்.”

நேசம் சந்தோஷப்பட்டாள். அதுதான் பாலேஸ்வரிக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். முந்திப் போன மாதிரிப் பெரிய கப்பலோ என்று கேட்டாள். அத்தானை வெயிலுக்குள் நிற்க விடவேண்டாம் என்றாள். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் இருக்கிறதாம், தான் அங்கே சமாளித்துக்கொள்வேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வரதராசா சத்தம் போடவில்லை. “எண்பத்திமூண்டிலை ஒன்பது மாதம் உவையின்ரை வீட்டிலைதானே கிடந்தனாங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

பாலேஸ்வரி யாருக்கும் சொல்லாத கப்பல் ஒன்று இருந்தது. 1983 கலவரத்தில் வீடு எரிந்த பிறகு, அகதிகளை ஒரு சாமான் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். நாலு வயது அருந்ததியை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று நாளாக மாற்றாத சீலையோடு, இரும்புத் தரையில் குந்தியிருந்து போனாள். துறைமுகத்தில் சித்தி காத்து நின்றாள். பக்கத்தில் பதினாறு வயது நேசம். அவளுடைய கட்டிலைத்தான் இவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒன்பது மாதமும் அந்தப் பிள்ளை குசினிக்குள் படுத்து எழும்பியது. ஒருநாளாவது முகம் சுளித்ததில்லை.

சனிக்கிழமை வந்தது. ஒரு பொய்க்குள் குடியிருப்பது எவ்வளவு கரைச்சல் பிடித்த வேலை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நேசம் கோயிலுக்கென்றோ சந்தைக்கென்றோ வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் என்ன செய்வது? வீதிப் பக்கத்து பல்கனிக் கதவைச் சாத்தினார்கள். உடுப்பைக் குளியலறைக்குள் காயப் போட்டார்கள். பாலேஸ்வரி கோயிலை நிறுத்தினாள். காலடியில் சந்தை இருக்க, மரக்கறி வாங்க வரதராசா பஸ் பிடித்து நுகேகொடைக்குப் போனார். கள்ளன் மாதிரி வாழ வைத்துவிட்டாய் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பையைக் கொண்டுவந்து வைக்கிற விதத்திலேயே அது இருந்தது. நடுக்கடலில் இருப்பதாகச் சொன்னவள் குசினி ஜன்னலால் ரயில் பாதைக்கு அப்பால் தெரிகிற கடலைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

ஜூன் 12, செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணியிருக்கும். வரதராசா நுகேகொடைக்குப் போயிருந்தார். பாலேஸ்வரி கறிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. அடிமேல் அடிவைத்துப் போய், கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடியால் பார்த்தாள். வெளியே ஒரு பொலிஸ் சார்ஜன்ட். பக்கத்தில், ஒரு துணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேசம்.

சார்ஜன்ட் கைத்தொலைபேசியில் யாருக்கோ சிங்களத்தில் சொன்னது ஒவ்வொரு சொல்லாக உள்ளே கேட்டது. லொட்ஜில் செக்கிங் நடந்திருக்கிறது. கொழும்பில் நிரந்தரமாக இருக்கும் ஒருவர் பொறுப்பு நின்று கையெழுத்து வைத்தால் இந்தப் பெண் தங்கலாம். இல்லாவிட்டால் பின்னேர பஸ்ஸில் வவுனியாவுக்கு அனுப்பவேண்டி வரும். சொந்தக்காரர் என்று இந்த முகவரியைக் கொடுத்திருக்கிறாள், ஆனால் ஆட்கள் வீட்டில் இல்லை என்றும் சொல்கிறாள். அதுதான் நேரில் பார்க்கக் கூட்டி வந்தேன் என்றார்.

வவுனியாவுக்குப் போனால் இன்டர்வியூ போச்சு. பாதை பூட்டு, வீட்டுக்கும் போக முடியாது, கொழும்புக்கும் வர முடியாது. எட்டு வருஷம் காத்திருந்தது ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பாலேஸ்வரி கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. இழுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஆனால் கதவைத் திறந்தால் பொலிஸ்காரனுக்கு முன்னால், நேசத்துக்கு முன்னால், எந்த முகத்தோடு நிற்பது?

சார்ஜன்ட் மூக்கை உறிஞ்சினார். உள்ளே யாரோ சமைக்கிறார்களே என்றார்.

நேசம் தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்தாள். பிறகு அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று பாலேஸ்வரிக்கு விளங்கியது. இனி அவள் அக்கா என்று ஒரு குரல் கொடுப்பாள், கதவில் தட்டுவாள், தட்டினால் திறந்துவிடலாம் என்று ஏங்கிக்கூட நின்றாள். நேசம் தட்டவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் சொன்னாள்.

“கெதர கவுருத் நே, மஹத்தயா. அக்கா நெவென் கியா.”

வீட்டில் ஒருவரும் இல்லை, அக்கா கப்பலில் போய்விட்டா. சமையல் மணம் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்றும் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் படியிறங்கும் சத்தம் கேட்டது.

வெங்காயம் கருகிப் புகைந்தது. பாலேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவள் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாளே என்று நினைக்க நினைக்க நிற்கவே முடியவில்லை. அடுப்பை நிறுத்தினாள். உடுத்த சீலையோடு அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி ஓர் ஓட்டோவைப் பிடித்து, கொட்டாஞ்சேனைப் பொலிஸ் ஸ்டேசனுக்கு விடச்சொன்னாள். குளித்துக்கொண்டிருந்தேன், நித்திரை, மணி அடித்தது கேட்கவில்லை என்று வழிநெடுக மூன்று காரணம் தயார் பண்ணினாள்.

ஒன்றும் தேவைப்படவில்லை. ஸ்டேசன் வாங்கில், வேறு லொட்ஜுகளிலிருந்து பிடித்துவந்த பெண்களோடு குந்தியிருந்த நேசம், இவளைக் கண்டதும் எழும்பி வந்து, சார்ஜன்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“அக்கா, வந்திட்டியளே? கப்பல் முந்தி வந்திட்டுதோ?”

சார்ஜன்ட் நிமிர்ந்தார். பாலேஸ்வரியின் சீலையிலிருந்து கருகின வெங்காய வாடை அவர் மேசைவரைக்கும் போயிருக்கும். அவர் சிரிக்கவுமில்லை, ஒரு கேள்வி கேட்கவுமில்லை. கடதாசியை அவள் பக்கம் தள்ளினார்.

“ஓம், முந்தி வந்திட்டுது” என்று சொல்லிக்கொண்டு பாலேஸ்வரி கையெழுத்து வைத்தாள். எழுத்துக் கோணிப்போனது.

ஓட்டோவில் ஏறியதும் நேசத்தின் கையைப் பிடித்தாள். லொட்ஜில் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வா, எங்கள் அறையிலேயே படு என்று சொன்னாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தவள், அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நேசம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“வேண்டாமக்கா. லொட்ஜிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், அக்கா கப்பலிலை, ஜூலையிலைதான் வருவா எண்டு. இப்ப உங்களோடை வெளிக்கிட்டா உங்களைப் பற்றி என்ன கதைப்பினம்?”

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் பாலேஸ்வரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கொட்டாஞ்சேனையில் லொட்ஜ் வாசலில் பேச்சியம்மா காத்து நின்றாள். மலைநாட்டிலிருந்து வந்து அங்கே சமைத்துப் போடுகிறவள். நேசத்தைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்து, காலையிலிருந்து தண்ணிகூட இறங்கவில்லை என்று அழுதாள். பிறகு பாலேஸ்வரியைப் பார்த்து, இது யார் என்று கேட்டாள்.

“தெரிஞ்ச ஒராள்” என்றாள் நேசம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “கையெழுத்துப் போட்டு விட்டவ.”

பேச்சியம்மா பாலேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இதோட அக்கா பெரிய கப்பல்ல போயிருக்காங்கம்மா. தினம் சாயங்காலம் அந்தக் கதைதான் எங்களுக்கு. அவ்வளவு பெருமை இதுக்கு. அவங்க மட்டும் கரையில இருந்திருந்தா இந்தப் புள்ளைய ஸ்டேசன்ல உக்கார விட்டிருப்பாங்களா? சொந்தம் இல்லாட்டியும் நீங்க ஓடி வந்தீங்களே. நல்லா இருப்பீங்கம்மா.”

நான்தான் அந்த அக்கா என்று சொல்லப் பாலேஸ்வரி வாயைத் திறந்தாள். சொன்னால், இன்னும் எட்டு நாள் இந்த லொட்ஜில் இருக்க வேண்டிய நேசம் பொய்க்காரி ஆகிவிடுவாள். அதனால் வாயை மூடி, யாரோ ஒரு நல்ல மனுஷியாக நின்று, அந்த வாழ்த்தைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.