ஏரிக்கு அந்தாண்டையும் ஊர்தான்

2006-இல் உத்திரமேரூர் என்று இணையத்தில் தேடினால் கல்வெட்டு வரும், சோழர் காலத் தேர்தல் வரும். இங்கே உயிரோடு இருக்கிறவர்கள் வரமாட்டார்கள். பட்டம் வாங்கிய கையோடு ஊருக்காக நானே ஒரு இணையப் பக்கம் தொடங்கினேன். வேதாசலம் அண்ணன் தன் நெட் சென்டரில் சும்மாவே உட்கார விட்டார். கோயில், கல்வெட்டு, பேருந்து நேரம், சந்தை, பள்ளிகள், மருந்துக்கடை எல்லாம் ஏற்றினேன்.

கடைசியில் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் இருளர் தெருவுக்குப் போனேன். தோழியின் கேமராவைத் தூக்கியதும் எல்லோரும் வீட்டுக்குள் ஓடி, ஆளுக்கொரு ரேஷன் அட்டையோடு திரும்பினார்கள். நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றார்கள். அதுவரை எங்களைப் படமெடுத்தவர்கள் அதிகாரிகள் மட்டும்தான்.

"அட்ட வாணாம், உள்ள வைங்க!" என்று கத்தினேன்.

"அப்பறம் நாங்க யாருன்னு எப்டி நம்புவாங்க?" என்றாள் அம்மா பச்சையம்மாள்.

"மூஞ்சியப் பாத்து நம்பட்டும்."

"உன் மூஞ்சியப் பாத்தா ஓடிப்பூடுவாங்கடி," என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தேன்.

பொங்கல் விழாவில் என் பக்கத்தைத் திரையில் காட்டுவதாகவும் எனக்குப் பொன்னாடை போர்த்துவதாகவும் முடிவானது. முந்தின நாள், விழாவை முன்னின்று நடத்தும் வேதாசலம் அண்ணன் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் பண்ணிக்கீற பவளம். அந்தப் படத்த மட்டும் தூக்கிடு. துபாய்ல கீற நம்மூரு பசங்க பாப்பானுங்க. மானம் போவும்."

"எங்க மூஞ்சில இன்னாண்ணா மானம் போவுது?"

"ஊருன்னா கோயிலு, கல்வெட்டு. ஏரிக்கு அந்தாண்ட இன்னா கீது? தூக்கலன்னா பொன்னாட கெடயாது. இங்க வந்து உக்கார்ற வேலயும் வாணாம்."

"அந்தாண்ட கீறவங்கதான் உங்க நெல்ல அறுக்கறாங்க. அத மட்டும் வூட்டுக்குள்ள வுடுறீங்க?"

விருட்டென்று எழுந்து வந்தேன். கத்திவிட்டு அடங்கிப் படத்தைத் தூக்கிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டார். நான் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சென்டரில் உட்கார்ந்து, அடியில் கிடந்த அந்தப் படத்தைப் பக்கத்தின் உச்சிக்கு ஏற்றினேன்.

விழாவில் அவரே பக்கத்தைத் திறந்தார். நம்ம ஊர் நெட் லைன்தானே, படம் மேலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கியது. பனைமரம், கூரை, பெரியப்பாவின் முண்டாசு, பிறகு வரிசையாகப் பற்கள். அதோடு நின்றுவிட்டது. மவுஸைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கோயிலும் வரவில்லை, கல்வெட்டும் வரவில்லை.

"இது எந்த ஊருப்பா?" என்றது ஒரு குரல்.

என் அருகில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டாள். "எந்த ஊரா? உத்திரமேரூரு! அந்தக் கோடியில பல்லக் காட்டிக்கினு நிக்கறது நான்தான். எங்கம்மா வேற ஊருல பெக்கல."

பொன்னாடையை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அம்மா உட்காரவே இல்லை.