சனிக்கிழமை நாங்கள் போறம்

1

இந்தக் கதை ஒரு நேர்காணலின் மிச்சம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதும் சஞ்சீவனியை ஒரு வாரப் பத்திரிகைக்காகக் குண்டசாலையில் சந்தித்தேன். எல்லாரும் கேட்பதையே நானும் கேட்டேன். உங்கள் எழுத்துக்கு ஊற்று எது?

அவர் பால் விடாத பிளேன்டீயைக் கீழே வைத்தார். "ஒரு சொல்லு, சார். அதை நான் சரியாக் கேட்டேனா, தப்பாக் கேட்டேனாங்கிறது இன்னும் தெரியல."

பத்திரிகையில் வந்தது: 'மலையகத்தின் இயற்கை அழகே என் எழுத்தின் ஊற்று.' முழுப் பதிலுக்கும் பக்கத்தில் இடமில்லையாம். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பக்கம் அமைத்தவருக்கும் தெரியவில்லை. சஞ்சீவனி தொலைபேசியில் சிரித்தார். "நான் எப்ப சார் அழகுன்னு சொன்னேன்? மலைன்னா, எங்க தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால அது சரிஞ்சு விழுந்ததை மட்டுந்தானே சொன்னேன்."

எனவே அங்கே இடம் கிடைக்காத பதிலுக்கு இங்கே இடம் தருகிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை விட்டிருந்தது. கண்டி வாவியின் மேல் மெல்லிய பனிமூட்டம்

(நிறுத்திவிட்டேன். அழகு வந்துவிடும்போல் இருந்தது.)

2

இனி அவரை 'அவள்' என்று எழுதப்போகிறேன். நேர்காணலில் 'அவர்' சரி. ஒருவருடைய மனத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரவேண்டும் என்றால் 'அவர்' என்ற சொல் நடுவில் ஒரு கதிரையைப் போட்டுவிடுகிறது.

சஞ்சீவனி வத்தேகமைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவுக்குக் கண்டியில் ஓர் இரும்புக்கடையில் வேலை கிடைத்ததும் குடும்பம் வத்தேகமை டவுனுக்கு இறங்கியது. இப்போது குண்டசாலையில் இருக்கிறாள். காலையில் கண்டிக்குப் போய், சிங்கள அரசாங்க உத்தியோகத்தர்களுக்குப் பேச்சுத் தமிழ் கற்பிக்கிறாள். நாவலால் அவளுக்கு வருவது பெயரும், பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் ஒரு பொன்னாடையும்.

அவள் எழுதுவது பஸ்ஸில். வீட்டில் மேசை உண்டு. மேசையில் உட்கார்ந்தால் மளிகைச் சாமான்கள்தான் நினைவுக்கு வரும். திகனையிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் பெருவிரலால் போனில் எழுதுவாள். தென்னேகும்புர பாலத்துக்கு முன்னால் இடம் கிடைத்தால் அன்றைக்கு அத்தியாயம் முடியும். கிடைக்காவிட்டால் அந்த அத்தியாயத்தில் யாராவது நின்றுகொண்டே இருப்பார்கள்.

அதைக் கண்டுபிடித்தவள் ஸனா. அடுத்த ஒழுங்கையில் வீடு, பதினோராம் வகுப்பு, அதே பஸ்.

"மிஸ், ஒன்னு கேக்கட்டா? கோவிக்கப்படாது."

"கேளு."

"ஒங்கட நாலு கதையிலயும் ஒரு புள்ள பஸ் ஹோல்ட்டுல நிக்கிது. மத்த புள்ளையள் எல்லாம் போயிருதுகள். ஏன் மிஸ், அதுக்கு பஸ் நம்பர் தெரியாதா?"

பக்கத்தில் நின்ற கொண்டக்டர்கூடச் சிரித்தான். சஞ்சீவனியும் சிரித்தாள். அன்றைக்குப் பெருவிரல் ஓடவில்லை. நாலு நாவல்கள், நாலு ஊர்கள், நாலு பெயர்கள் என்று அவள் நினைத்திருந்தது எல்லாம் ஒரே பிள்ளைதான்.

3

அந்தப் பிள்ளை நின்ற இடத்துக்குப் போகவேண்டும். போவதற்கு ஓர் இலக்கண விதி தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.*

*தமிழில் 'நாம்' என்றால் கேட்கிறவரும் அதற்குள் உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே. சஞ்சீவனி வீட்டுப் பேச்சில் இது கண்டிப்பான விதி. 'நாம போவோம்' என்றால் நீயும் வா. 'நாங்க போறோம்' என்றால் நீ வீட்டில் இரு. சிங்களத்தில் இரண்டுக்கும் 'அபி' ஒன்றுதான். ஆகவே உத்தியோகத்தர்களுக்கு அவள் கையை நீட்டிக் காட்டுவாள். நெஞ்சைத் தொட்டு எதிரில் இருப்பவரையும் வளைத்தால் 'நாம்'. நெஞ்சோடு நின்றால் 'நாங்கள்'.

போர் ஓய்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகள். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர் ஒருவர் கண்டியிலுள்ள ஒரு வங்கிக்கு மாற்றலாகி வந்தார். அவருடைய மகள் சுகிர்தா சஞ்சீவனியின் வகுப்பில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி 'ஓம்' என்பாள், மற்றவள் 'ஆமா' என்பாள். ஒருத்தியின் பேச்சை மற்றவள் செய்துகாட்டிச் சிரிப்பாள். சஞ்சீவனி எழுதிய முதல் கதையை, கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில், படித்த முதல் ஆள் சுகிர்தா. படித்துவிட்டு, "முடிவு பிழை. அவள் ஏன் திரும்பிப் போறாள்? கேட்டிருக்கலாம்தானே" என்றாள்.

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். பதினைந்து வயதுப் பிள்ளை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லியிருப்பாளா? சஞ்சீவனியிடம் கேட்டேன். "சொன்னா சார். அதைத்தான் நான் இன்னும் திருத்திக்கிட்டே இருக்கேன்.")

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரம், சுகிர்தா சொன்னாள்:

"சனிக்கிழமை நாங்கள் பேராதனைப் பூங்காவுக்குப் போறம். கண்டி பஸ் ஸ்டாண்டில நிப்பம்."

சஞ்சீவனி கேட்டது: நானும் அப்பாவும் அம்மாவும் தங்கச்சியும் போகிறோம். நீ வீட்டில் இரு.

"போய்ட்டு வாங்க" என்றாள் சஞ்சீவனி.

மரியாதையான பதில். அந்தப் பதிலோடு

(வாக்கியத்தை முடிக்கவில்லை. 'எல்லாம் முடிந்தது' என்று வந்தது. முடிந்திருந்தால் நாலு நாவல் ஏது?)

திங்கட்கிழமை சுகிர்தா ஒரு சிறிய பொட்டலத்தை மேசையில் வைத்தாள். உள்ளே பருத்தித்துறை வடை, நமுத்துப்போனது. "இந்தா, உன்ர" என்றாள். தாங்கள் தின்று மிஞ்சியதைக் கொடுக்கிறாள் என்று சஞ்சீவனி நினைத்தாள். அவள் அதைப் பிரித்துப் பின்வரிசைக்குக் கொடுத்துவிட்டாள். சுகிர்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே இடம் மாறி யன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அடுத்த தவணையில் தகப்பனுக்குக் கொழும்புக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு கனடா என்று கேள்வி.

4

ஐந்தாவது நாவலில் சஞ்சீவனி ஒரு துணிச்சலான காரியம் செய்தாள். ஸனாவின் கேள்வி காரணமாக இருக்கலாம். ஹோல்ட்டில் நின்ற பிள்ளையை முதல்முறையாக பஸ்ஸில் ஏற்றினாள். அதற்கு ஒரு சொல்லை மாற்றினால் போதுமாக இருந்தது. நாவலில் வரும் யாழ்ப்பாணப் பிள்ளையை, 'சனிக்கிழமை நாம போறம்' என்று சொல்லவைத்தாள். தன் காதால் கேட்க ஏங்கிய வாக்கியத்தைத் தன் கையால் எழுதினாள். அன்றைக்குக் குண்டசாலையிலிருந்தே உட்கார இடம் கிடைத்தது என்றாள்.

நாவல் யாழ்ப்பாணத்தில் அச்சுக்குப் போனது. அங்கே மெய்ப்புப் பார்ப்பவர் சுதேஷ். அவர் ஒருநாள் காலை, அவள் பஸ்ஸில் நிற்கும்போது, அழைத்தார்.

"அக்கா, நான் சுதேஷ் கதைக்கிறன். எல்லாம் பாத்து முடிச்சிட்டன். ஒரு இடம் மட்டும் கேக்கோணும்."

"சொல்லுங்க தம்பி."

"உங்கட யாழ்ப்பாணப் பெட்டை 'நாம போறம்' எண்டு சொல்லுறாள். எங்கட பக்கம் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லமாட்டினம். மைக்கைக் கையில குடுத்தா நாம் எண்டுவினம். வீட்டில நாங்கள்தான். மாத்திவிடட்டோ?"

"மாத்திறாதீங்க. நாங்கள்னு போட்டா அவ மத்தவளைக் கூப்பிடலைன்னு ஆயிருமே."

"ஏன் ஆகும்?"

"நாங்கன்னா நீ இல்லாமன்னுதானே அர்த்தம்?"

மறுபக்கத்தில் சுதேஷ் சிரித்தார். "அது உங்கட பக்கத்தில அக்கா. எங்களுக்கு நீங்கள் வந்தாலும் நாங்கள்தான், வராட்டிலும் நாங்கள்தான்."

பஸ் பாலத்தில் ஏறியது. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப, கூப்பிடுறாங்களா இல்லையான்னு எப்படித் தம்பி தெரிஞ்சுக்கிறது?"

"முகத்தைப் பாத்தாத் தெரியும்தானே."

அன்றைய வகுப்பில் ஓர் உத்தியோகத்தர், வழக்கம்போல் யாராவது ஒருவர் கேட்பதைக் கேட்டார். "ஏன் மிஸ் ரெண்டு? எங்களுக்கு ஒன்னு போதும்தானே, அபி." வழக்கமாக அவள், அதனால்தான் நீங்கள் படிக்கிறீர்கள் என்று சொல்வாள். அன்றைக்கு, "யாழ்ப்பாணத்துக்கு மாற்றல் கிடைச்சா ஒன்னு போதும் சார்" என்றாள். சொல்லிவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள். அதில் அழிப்பதற்கு எழுத்து எதுவும் இருக்கவில்லை.

5

அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை சுகிர்தாவின் முகம் எப்படி இருந்தது?

என் முதல் வரைவில் அவள் சஞ்சீவனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அப்படி எழுதினால் கதை அழைப்பு ஆகிவிடுகிறது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் தகப்பன் மணிக்கூட்டைப் பார்க்க, சுகிர்தா வத்தேகமை பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு...

இரண்டாவது வரைவில் அவள் பையைத் தோளில் மாட்டியபடி வாசலைப் பார்த்துச் சொன்னாள். அது வெறும் செய்தி. குடும்பம் போனது, பூப் பார்த்தது, வந்தது. வடை மிஞ்சியது.

இரண்டையும் சஞ்சீவனிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எதையும் தெரிவுசெய்யவில்லை.

"எனக்குத் தெரியாது சார். நான் குனிஞ்சு சப்பாத்து நாடா கட்டிக்கிட்டிருந்தேன். குரல்தான் கேட்டுச்சு."

கதாசிரியனாக எனக்கு இது பெரிய இடைஞ்சல். நாடா கட்டுவதை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எடுத்தால் அவளுடைய ஐந்து நாவல்களையும் சேர்த்து எடுக்கவேண்டும்.

பிறகு ஒரு விஷயம் சொன்னாள். சுகிர்தாவை ஃபேஸ்புக்கில் கண்டுபிடித்துவிட்டாளாம். படத்தில் பனிக்கோட்டு, தொப்பி; புருவம் மட்டும் பழையது. ஒரு செய்தியும் அடித்து வைத்திருக்கிறாள். அனுப்பவில்லை.

"'நான் உன்னைக் கூப்பிடேல்லையே'ன்னு அவ சொன்னா பரவாயில்ல சார். அது எனக்குப் பழகின வலிதான். 'கூப்பிட்டனான்தானே, நீதான் வரேல்லை'ன்னு சொன்னா..." பிளேன்டீ கோப்பையைச் சுற்றினாள். "அவ்வளவு வருசமும் ஹோல்ட்டுல நின்னது நான் இல்ல, அவதான்னு ஆயிரும். அதுக்கப்புறம் நான் எதை எழுதுறது?"

நாவல் அச்சகத்தில் காத்திருக்கிறது. சுதேஷுக்கும் அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரே சொல், நாவலிலும் போனிலுமாக இரண்டு இடங்களில்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். (கவனித்தீர்களா, 'நாம்' என்று போடாமல் வினைச்சொல்லோடு தப்பித்துக்கொண்டேன். தமிழ் இதற்கு இடம் தருகிறது.)

கடைசியாக அவளைச் சந்தித்தது குண்டசாலைச் சந்தி ஹோல்ட்டில், தேத்தண்ணிக் கடை வாசலில். எனக்கும் கண்டிக்குத்தான் போகவேண்டும். ஸனா வகுப்புக்குப் போக வந்து நின்றாள். சஞ்சீவனி போனை எடுத்து, அடித்து வைத்திருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள். நலம் விசாரிப்பு இல்லை, விளக்கம் இல்லை. தன் வீட்டுப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்தவளின் பேச்சில் எழுதியிருந்தாள்:

'சுகி, சனிக்கிழமை நாங்கள் பேராதனைக்குப் போறம்.'

"இதுக்கு அவளுக்கு என்ன அர்த்தம் படும் சார்?"

"அவ முகத்தைப் பாக்கணும்" என்றேன்.

"மிஸ், அனுப்புங்க" என்றாள் ஸனா. "புளூ டிக் வந்தா நான் சொல்றேன்."

"இது வாட்ஸ்அப் இல்லடி."

"எதுவோ ஒன்னு. அந்தப் புள்ளைய இன்னும் எத்தன கதைக்கு வெயில்ல நிப்பாட்டி வெக்கப்போறீங்க?"

இந்த வரி தவறிவிடக் கூடாதென்று பையிலிருந்து பேனாவை எடுத்தேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது திகனை பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. கொண்டக்டர் கண்டியைச் சிங்களத்தில் "நுவர, நுவர" என்று கூவினான். அதற்கு நடுவே சஞ்சீவனியின் குரல் கேட்டது. யாழ்ப்பாணத்து நீட்டல் அப்படியே இருந்தது.

"சரி, நாங்கள் போறம்."

நிமிர்ந்தபோது பஸ் நகரத் தொடங்கியிருந்தது. பின் யன்னலில் ஸனாவின் வெள்ளைப் பர்தா. அதற்குப் பக்கத்தில் உயர்த்திய ஒரு கை. அது கம்பியைப் பிடித்திருந்ததா, என்னைக் கூப்பிட்டதா என்று சொல்ல இயலாது. போனில் பெருவிரல் அழுத்தியதா என்பதையும் நான் பார்க்கவில்லை.

ஹோல்ட்டில் இப்போது நான் நிற்கிறேன். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. கொப்பியில் அவள் சொன்ன வாக்கியம் இருக்கிறது, சொன்ன முகம் இல்லை.

நீங்கள் இவ்வளவு நேரமும் குனிந்து இதைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா? கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.